எழுபத்தொன்றும் எண்பத்திரண்டும்

ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமில்லை என்று நீ எழுதினால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. இந்த முகவரியை உன் பழைய மெக்கானிக் ஷெட்டுக்குப் பக்கத்துப் பெயின்டரிடம் வாங்கினேன். போன் நம்பரையும் மாற்றிவிட்டாயாம். அவர் கொடுக்கத் தயங்கினார். ஆனால் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவளிடம் யாரும் ரொம்ப நேரம் வாதாடுவதில்லை.

விஷயம் இதுதான். காரை விற்கப்போகிறேன். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மார்ச்சில் விட்டார்கள். அன்றிலிருந்து வாசலில் உறை போர்த்தி நிற்கிறது. வாங்க வருகிறவர் இரண்டு சாவியும் வேண்டும் என்கிறார். ஒன்று உன்னிடம் இருக்கிறது. சர்வீசுக்கு எடுத்துப்போக வசதியாக இருக்கட்டும் என்று உன் அத்தான் கொடுத்துவைத்தது. அனுப்பிவிடு.

காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். மலைச்சாலையில் வண்டி கொதித்து நின்று, பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு, எதிர்ப்பக்கக் குழாயில் தண்ணீர் பிடிக்கச் சாலையைக் கடந்தவர்மேல்தான் லாரி ஏறியது. கையிலிருந்த தண்ணீர்க் கேனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில்தான் இப்போது சோப்புத் தண்ணீர் கலக்குகிறேன்.

நான் இன்னும் அழவில்லை. ஏழு மாதம் ஆகிறது. முதலில் எல்லாரும் தைரியசாலி என்றார்கள். இப்போது கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள், என் காதுபடவே. இரண்டும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கிறது. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன்.

நீ மூன்றாம் நாளே சொல்லாமல் கிளம்பிப் போனாய். ஏன் என்று கேட்கவில்லை. சாவியை மட்டும் அனுப்பு.

அக்கா


ஆகஸ்ட் 13

அக்காவுக்கு,

சாவி இத்துடன் இருக்கிறது. உறைக்குள் ஆடாமல் இருக்க நூல் சுற்றியிருக்கிறேன்.

காரை விற்கும் முன்னால் ஒன்று சொல்லவேண்டும். நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். எனக்கு எழுத்து வராது, உனக்கே தெரியும். ஆனது ஆகட்டும் என்று எழுதுகிறேன்.

அத்தானைக் கொன்றது லாரி இல்லை. நான்.

டிசம்பர் 28 அன்று அத்தான் ஷெட்டுக்கு வந்தார். என்னை டாக்டர் என்றுதானே கூப்பிடுவார். "டாக்டர், மலையேறும்போது சூடு காட்டுற முள்ளு சிவப்பைத் தொடுது. ஏதாவது பண்ணு" என்றார். திறந்து பார்த்தேன். ரேடியேட்டர் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட இரண்டு நாள் வேண்டும். "ரெண்டு நாளா? விடுமுறைக் கூட்டம் இப்பதான் வருது. வண்டிய உன்கிட்ட குடுத்துட்டு நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கவா?" என்றார். வாடகை வண்டிக்காரரிடம் வேறு என்ன பதில் வரும்? நானும் அழுத்திச் சொல்லவில்லை.

இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்னக் கதவு இருக்கிறது, அக்கா. இன்ஜின் தண்ணீர் எண்பத்திரண்டு டிகிரி சூடானதும் அது திறந்து, தண்ணீரை ஆறுவதற்கு ரேடியேட்டர் பக்கம் அனுப்பும். அதை எடுத்துவிட்டு, எழுபத்தொன்றிலேயே திறக்கிற ஒன்றை மாட்டினேன். பழையதைத் தூர எறிய வேண்டாம் என்று டிக்கியில் போட்டுக் கொடுத்தேன். புதியது சீக்கிரம் திறக்கும், முள் கீழேயே நிற்கும், மேடேறத் தொடங்கும்போது சூடேற இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். அவ்வளவுதான். அடைப்பு அடைப்பாகவே இருந்தது. கதவைச் சீக்கிரம் திறந்துவிட்டால் போதுமா, வெளியே போக வழி வேண்டாமா? இது எனக்கு அன்றைக்கே தெரியும்.

முள் கீழே நின்றதைப் பார்த்து அத்தானுக்கு ஒரே சந்தோஷம். "கைராசிக்காரன்டா நீ" என்று முதுகில் தட்டினார். "பத்து நாளைக்குத்தான் அத்தான். அதுக்குள்ள வண்டிய ரெண்டு நாள் என்கிட்ட விட்டுடுங்க" என்றேன். "இன்ஜின் சூடு குறையுறதால ஹீட்டர்லயும் சூடு குறையும். அக்கா திட்டுவாங்க, பொறுத்துக்குங்க" என்றும் சொன்னேன். சிரித்தார்.

பன்னிரண்டாம் நாள் அந்த வளைவில் கொதித்து நின்றுவிட்டது. முள் கீழே நிற்கிற தைரியத்தில் ஏற்றியிருப்பார். முடியாது என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் கிளம்பினேன். ஷெட்டை மூடியாயிற்று. இங்கே பஸ் டிப்போவில் டயர் மட்டும் மாற்றுகிறேன். இன்ஜின் பக்கம் போவதில்லை.

வாங்குகிறவரிடம் ரேடியேட்டரைச் சொல்லிவிடு.

தம்பி


ஆகஸ்ட் 24

தம்பிக்கு,

சாவி வந்தது. கடிதத்தை மூன்று தரம் படித்தேன். ஒருதரம் பஸ்ஸில், ஒருதரம் லேபில் பெஞ்சு துடைத்த பிறகு, ஒருதரம் அடுப்படியில் நின்றுகொண்டு.

உன்மேல் கோபம் வரவேண்டும். முகம் கழுவிவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பால்காரர்தான் வந்தார். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

கோபம் வந்தால் எழுதுகிறேன். அதுவரை நீ எழுத வேண்டாம்.

வாங்க வந்தவரிடம் ரேடியேட்டரைச் சொன்னேன். அப்புறம் அவர் வரவில்லை.

அக்கா


அக்டோபர் 2

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கோபித்துக்கொள், அதுவாவது வரட்டும்.

ஒரே ஒரு உதவி வேண்டும். டிப்போவில் இன்ஜின் பகுதிக்கு ஆள் தேவையாம். "டயர் உருட்டவா உனக்குக் கை இருக்கு?" என்று ஃபோர்மேன் நச்சரிக்கிறார். டிசம்பருக்குள் பதில் சொல்லவேண்டும். நேற்று ஆசைப்பட்டு ஒரு பஸ்ஸின் இன்ஜினைத் திறந்தேன். கை நடுங்கி ஸ்பேனர் உள்ளே விழுந்துவிட்டது. அதைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இப்படியே போனால் இந்த ஜன்மத்தில் நான் இன்ஜினைத் தொடமாட்டேன், எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

நான் மாட்டியது சரியாகத் திறந்ததா, இல்லை பழுதான ஒன்றையே மாட்டித் தொலைத்தேனா, அது தெரிந்தாகவேண்டும். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு அதைக் கழற்றித் தரச் சொல். உள்ளங்கையில் அடங்கும். நடுவில் பித்தளை, சுற்றி ஒரு வளையம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிடு. அடியைத் தொடக்கூடாது. உன் லேப் தெர்மாமீட்டரைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு மெதுவாகச் சூடேற்று. எந்த டிகிரியில் வாய் திறக்கிறது என்று எழுது.

என்னுடையதுக்கு அடையாளம் உண்டு. நான் மாட்டுகிற எல்லாவற்றிலும் வளையத்தின் ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போடுவேன். அது மேல்பக்கம் வரும்படி மாட்டினால் உள்ளே சிக்கிய காற்று அது வழியாகப் போய்விடும். காற்று சிக்கினால் தண்ணீர் நிரம்பியது போல் தெரியும், நிரம்பியிருக்காது. இந்த வண்டிக்குக் கடையில் கிடைப்பதில் ஓட்டை இருக்காது. நான் டிரில்லை எடுத்தாலே அத்தான், "டாக்டர் ஊசி போட ஆரம்பிச்சிட்டாரு" என்று கிண்டல் செய்வார்.

தம்பி


அக்டோபர் 20

தம்பிக்கு,

நேற்று செய்தேன். மெக்கானிக் முந்தின நாளே வந்து கழற்றிக் கொடுத்தார். "இதை வச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். "சூப்பு" என்றேன். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். புருஷனைப் பறிகொடுத்தவள் ஜோக்கடித்தால் ஊருக்குச் சங்கடம்.

பால் காய்ச்சுகிற பாத்திரம். தையல் நூல். கரண்டியை விளிம்பில் குறுக்கே வைத்து அதில் கட்டித் தொங்கவிட்டேன். அறுபது வரை வேடிக்கை பார்ப்பது போலத்தான் இருந்தது. எழுபதில் அடுப்பைத் தணித்தேன். எழுபத்தொன்றில் குனிந்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. எழுபத்தைந்திலும் மூடியே இருந்தது. சரி, தம்பி பழுதானதைத்தான் மாட்டியிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். எண்பதிலும் இல்லை. எண்பத்திரண்டில் மெல்லத் திறந்தது.

ஆறவைத்து மறுபடியும் செய்தேன். மூன்று தரம். லேபில் சந்தேகமானால் அப்படித்தான், மூன்று தரமும் ஒரே முடிவு வந்தால்தான் கையெழுத்துப் போடுவோம்.

துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். விளிம்பில் 82 என்று பொறித்திருக்கிறது. ஓட்டை இல்லை.

ஆக, அன்றைக்கு வண்டியில் இருந்தது நீ மாட்டியது இல்லை. நீ கழற்றிக் கொடுத்த பழையதுதான் திரும்ப உள்ளே போயிருக்கிறது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று பத்து மாதம் இருந்திருக்கிறாய். இனி வேண்டாம். நீ இன்ஜினைத் தொடலாம். ஃபோர்மேனிடம் சரி என்று சொல்லிவிடு. வேறொன்றும் எழுத இல்லை.

அக்கா


அக்டோபர் 29

அக்காவுக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் டயர் அடுக்குமேலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். பட முடியவில்லை. ஒரு கேள்வி போய் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

யார் மாற்றியது? நானில்லை. வேறு மெக்கானிக்கிடம் அத்தான் போகமாட்டார். போனால் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும். அவரே மாற்றியிருந்தால்தான் உண்டு. நாலு போல்ட் கழற்றி மாட்டத் தெரியும், காற்றை வெளியேற்றத் தெரியாது. சரி, அது போகட்டும். முள் கீழே நின்றதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷமாயிற்றே. எதற்காகப் பழையதை எடுத்து மாட்டினார்?

உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். பாத்திரம், கரண்டி எல்லாம் ஆற அமர எழுதியிருக்கிறாய். கடைசியில் மட்டும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓடியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்து நீ எதையாவது மறைத்தால் அப்படித்தான்.

தம்பி


நவம்பர் 17

தம்பிக்கு,

எண்பத்திரண்டில் அது திறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த இரண்டு தரமும் நான் சோதித்தது அதை இல்லை. வேறு விடை வராதா என்றுதான் பார்த்தேன். உனக்கு எழுதாமலே விட்டுவிடலாம் என்றும் இருந்தேன். உன் பாரம் இறங்கியாயிற்று, என்னுடையதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. நீ கேட்டுவிட்டாய்.

ஆறு மணி ஷிஃப்டுக்கு அவர்தான் தினமும் என்னை இறக்கிவிடுவார், தெரியுமல்லவா. ஐந்தரைக்குக் கிளம்பவேண்டும். நம் மலையூரில் ஜனவரியில் அந்த நேரத்தில் கண்ணாடியில் பனியைச் சுரண்டித்தான் வண்டியை எடுக்கவேண்டும். வருஷக் கடைசியிலிருந்தே ஹீட்டரில் வெறும் காற்றுதான் வந்தது. முதல் நாள் சொன்னேன். இரண்டாம் நாளும் சொன்னேன். சனிக்கிழமை கத்திவிட்டேன். "கால் மரத்துப் போச்சு. ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்து வர்ற மாதிரி இருக்கு. உங்க மச்சினன் என்ன பண்ணி வச்சிருக்கான்? டாக்டராம் டாக்டர்!" என்றேன். அவர் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. "விடு, நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஞாயிறு மத்தியானம் முழுக்கப் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீ வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கரிக்கையோடு உள்ளே வந்து, "நாளைக்கு உன் கால் வேகும் பாரு" என்றார்.

திங்கட்கிழமை சூடாக வந்தது. பாதத்திலிருந்து முழங்கால் வரை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? தூங்கிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் தட்டி எழுப்பினார். செவ்வாயும் அப்படியே. அன்றைக்குத்தான் என்னை இறக்கிவிட்டு, சவாரி ஏற்றிக்கொண்டு மலையேறினார்.

போன ஞாயிறு டிக்கியில் அவருடைய ஸ்பேனர் பையைத் திறந்தேன். அடியில் செய்தித்தாளில் சுற்றி ஒன்று இருந்தது. உன்னுடையது. ஓரத்தில் ஓட்டை இருக்கிறது. தாளில் ஜனவரி 7 என்று தேதி, அதே ஞாயிறு.

உன் கை இல்லை, தம்பி. என் கால்.

எழுதிவிட்டேன். இதற்கும் அழுகை வரவில்லை. வந்துவிடும் என்று நினைத்துக் கைக்குட்டையெல்லாம் எடுத்துவைத்திருந்தேன்.

அக்கா


நவம்பர் 25

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். ஹீட்டருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அது வேறு குழாய், இது வேறு குழாய். உன் கால் குளிர்ந்ததற்கு விசிறிதான் காரணமாக இருக்கும். அத்தான் ஞாயிற்றுக்கிழமை அதைச் சரி செய்திருப்பார். தெர்மோஸ்டாட்டை வேறு ஏதாவது காரணத்துக்காக மாற்றியிருப்பார். என்ன காரணம் என்று யாருக்குத் தெரியும்?

இது தொழில் தெரிந்தவன் சொல்வது. அதனால் நீ மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

இங்கே மழை.

தம்பி


டிசம்பர் 9

தம்பிக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாய்.

உன் ஆகஸ்ட் 13 கடிதத்தை எடுத்துவைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதில் உன் கையாலேயே எழுதியிருக்கிறாய், இன்ஜின் சூடு குறைந்தால் ஹீட்டரில் சூடு குறையும் என்று. பொய் சொல்வதற்கு முன்னால் பழைய கடிதத்தில் என்ன எழுதினோம் என்று யோசிக்க வேண்டாமா? தொழில் தெரிந்தவனாம்! எட்டு வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டுக் காற்று என்று சொன்னாயே, அதே பொய். அன்றைக்கும் ஜன்னல் மூடித்தான் இருந்தது.

சிரித்துவிட்டேன். நிஜமாகவே. அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். பிறகு மறுபடியும் அந்தப் பழைய கடிதத்துக்கே கண் போயிற்று. "அக்கா திட்டுவாங்க, பொறுத்துக்குங்க." அவர் சிரித்தார் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் அவருக்கு முன்பே தெரியும். நான் திட்டத் திட்ட, இது எதனால் என்று தெரிந்துகொண்டே, உன்னையும் காட்டிக்கொடுக்காமல், என்னையும் ஒன்றும் சொல்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்த மனுஷன் இல்லை, தம்பி. இனி இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பதினோரு மாதம் கழித்து. மறுநாள் மூக்கு வீங்கிப் போய் லேபுக்குப் போனேன், ஜலதோஷம் என்றேன். நம்பினார்கள்.

காரை விற்கவில்லை. மெக்கானிக்கிடம் விட்டு ரேடியேட்டரைச் சுத்தம் செய்தாயிற்று. இரண்டு நாள் ஆயிற்று. பஸ்ஸில் போய் வந்தேன். திரும்பி வந்த வண்டியைப் பார்த்தபோது, இந்த இரண்டு நாள்தானா என்று இருந்தது. அந்த அடைப்புக்கு எதை மாட்டியிருந்தாலும் அந்த வளைவில் இல்லாவிட்டால் அடுத்த வளைவில் கொதித்திருக்கும் என்று மெக்கானிக் சொல்கிறார். அதுவும் பொய்யாக இருக்கலாம். மெக்கானிக்குகள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடம்.

இரண்டு தெர்மோஸ்டாட்டும் சமையல் மேடையில் பக்கம்பக்கமாக இருக்கின்றன. "எதை மாட்டட்டும்?" என்று கேட்டார். "என் தம்பி வருவான்" என்று சொல்லிவிட்டேன். வா. எண்பத்திரண்டையே மாட்டு. ஆனால் உன் ஓட்டையைப் போட்டு மாட்டு.

அக்டோபரிலிருந்து வண்டி ஓட்டப் பழகுகிறேன், ஒரு டிரைவிங் ஸ்கூல் வண்டியில். சொல்லிக்கொடுக்கிற அம்மாள் என்னைவிடப் பயப்படுகிறார். ஜனவரியிலிருந்து நானே போய்விடலாம் என்று இருக்கிறேன். ஐந்தரைக்குக் கிளம்பவேண்டும். கால் குளிர்கிறது என்று இனி யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஆனால் குளிர்கிறது.

அக்கா


டிசம்பர் 16

அக்காவுக்கு,

மூன்று மில்லி டிரில் பிட் வாங்கிவிட்டேன். பழைய பிட்டை ஷெட் சாமானோடு கொடுத்துவிட்டேன். தண்ணீர் கசியாமலிருக்கக் கேஸ்கெட்டும் புதிதாக ஒன்று எடுத்து வருகிறேன். ஃபோர்மேனிடம் ஜனவரியிலிருந்து என்று சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். நான் வரும்வரை யாரையும் எதையும் மாட்ட விடாதே.

கை இன்னும் நடுங்குகிறது. ஸ்பேனர் உள்ளே விழுந்தால் இரண்டு பேருமாகத் தேடலாம்.

தம்பி